செஃபெரினோவுக்குச் சிபாரிசு செய்தது யார்?

லக்சம்பர்க்கின் எஷ் நகரத்தில், ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டித் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கூடும் காப்பிக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. பூச்சு வேலை செய்யும் செஃபெரினோவுக்கு நிரந்தர வசிப்பு அட்டை கிடைத்தது ஒரு மந்திரியின் சிபாரிசில்தானாம்.

கிளப்பிவிட்டது கொத்தனார் பெல்மிரோ. "ஏழு மாசம் அவன் நாட்டுலயே இல்ல. வருசத்துல ஆறு மாசம் தாண்டினா கணக்கே போச்சு. இவனுக்கு மட்டும் எப்படிடா வந்துச்சு?"

கேள்வி நியாயமானதுதான். நடந்தது இதுதான்.

செஃபெரினோவின் மனைவி ஒதேத் போர்த்துக்கல் பிரஜை, எஷ்ஷில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐரோப்பியப் பெண்டாட்டியின் பேரில்தான் இவர் அந்த நாட்டில் இருந்தார். சேர்ந்தாற்போல் ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் சொந்தக் காலில் நிற்கலாம். மூன்றாம் வருடம் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர், அந்தக் காலைத்தான் உடைத்துக்கொண்டார். இரண்டு ஆபரேஷன், சீழ், மறுபடி கட்டு. திரும்பி வர ஏழு மாதம் ஆனது.

"அம்மா வீட்டுக் கூரை ஒழுகுச்சு. ஏறினேன், ஓடு சறுக்கிருச்சு" என்று ஒதேத்திடம் சொன்னார். அவள் அழுதாள். காப்பிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கூரை தேவாலயக் கோபுரமாக வளர்ந்திருந்தது.

ஐந்து வருடம் முடிந்து இருவரும் விண்ணப்பம் கொடுக்கப் போனார்கள். அலுவலகத்து அம்மாள் கடவுச்சீட்டைப் புரட்டி, அந்த ஏழு மாதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"கடுமையான நோய் மாதிரி காரணம் இருந்தா, ஒரே ஒரு தடவை பன்னிரண்டு மாசம் வரைக்கும் விடலாம். ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கா சார்?"

"இல்லைன்னா?"

"திரும்பி வந்த நாள்லேருந்து மறுபடி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும்."

செஃபெரினோ பையை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே காகிதம் இருந்தது. கொடுத்தால் மானம் போகும், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போகும். எடுத்து நீட்டினார்.

"இது போர்த்துக்கீசியத்துல இருக்கு, எனக்கு வராது. நீங்களே படிங்கம்மா" என்று அந்த அம்மாள் ஒதேத்திடம் கொடுத்தாள்.

"நோயாளி கழுதை மேலிருந்து விழுந்ததில்..." ஒதேத் நிறுத்தினாள். "கழுதையா?"

"மேல படி."

"கழுதை அப்போது நின்றுகொண்டிருந்தது" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஓடுற கழுதைகூட இல்லையா, மனுசா?"

"ஐரோப்பாவுல எப்படிக் குதிரை ஏறுவாங்கன்னு சொந்தக்காரங்களுக்குக் காட்டினேன், ஒதேத்."

"நீ எப்பய்யா குதிரை ஏறின?"

"ஏறினதில்ல. அதான் விழுந்தேன்."

அலுவலகத்து அம்மாள் குனிந்து மேஜைக்கடியில் வெகுநேரம் எதையோ தேடினாள். தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டு மாதத்தில் அட்டை வந்தது, கூடவே மந்திரிக் கதையும். செஃபெரினோ மறுக்கவில்லை. "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுப்பா" என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்மிரோ சாராயப் புட்டியோடு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, என் தங்கச்சி போர்த்துக்கல் பிரஜை ஆயிட்டா, அவ பேர்ல புருசன் இங்க வந்து அஞ்சு வருசம் ஆச்சு. நடுவுல எட்டு மாசம் ஊர்ல ஆஸ்பத்திரியில கெடந்தான். நமக்கு எந்த மந்திரி இருக்கான்னு விண்ணப்பமே போடாம உக்காந்திருக்கான். நீங்க உங்க மந்திரிகிட்ட ஒரு வார்த்தை..."

ஒதேத் கரண்டியை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

செஃபெரினோ காலரைத் தளர்த்தினார். "மந்திரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நின்னுட்டிருந்த கழுதையில இருந்து விழுந்தேன். அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துத்தான் அட்டை கொடுத்தாங்க. உன் தங்கச்சி புருசனையும் அவன் காகிதத்தை எடுத்துட்டு நாளைக்கே போகச் சொல்லு."