செல்லாத கையெழுத்து

புதுக்கடை நீதிமன்றத் தெருவில் ஒரு தட்டச்சுக்காரர் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தக் காகிதத்தையும் வாசிக்கும் முன் முகர்ந்து பார்ப்பார்.

நான் நீட்டியது பதினெட்டு வருடப் பழைய ஒப்பந்தம். அதன்படி, வெள்ளவத்தை முதலாளி எனக்குத் தன் கடையில் மேனேஜர் வேலை தருவார். நான் அவர் மகளைப் பார்க்கவும் கூடாது, நினைக்கவும் கூடாது. இரண்டாவதை மட்டும் தினமும் மீறினேன். போன மாதம் முதலாளி காலமானார். மகள் பாமன்கடையில் தனியாக இருக்கிறாள். இனி அவளைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தேன்.

முகர்ந்ததுமே தட்டச்சுக்காரர் சிரித்தார்.

“தம்பி, இது அண்டைக்கே செல்லாது. வேலையைக் காட்டி ஒரு பிள்ளையை விட்டுக்குடுக்கச் சொல்லுறது நல்லொழுக்கத்துக்கு மாறு. சட்டம் திரும்பியும் பாராது.”

“அப்ப இதை அடிச்ச மடையன் ஆர், ஐயா?”

“நான்தான். ‘ள’ எல்லாம் கீழ இறங்கியிருக்கு, பாரும். என்ர மெஷின்.”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!”

“இது செல்லுமோ எண்டு ஒரு வார்த்தை கேப்பீர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். நீர் கேட்டது, வேலைக்கு எப்ப வாறது எண்டு.”

இப்போது பாமன்கடையில் பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்து கதவுவரை போகிறேன். திரும்பி வந்து உட்காருகிறேன். தடுக்க ஒரு காகிதமும் இல்லை. நான் கேட்பேன் என்று அன்று காத்திருந்தவர் அவர் ஒருவர்தானா என்பதுதான் தெரியவில்லை.