காதில் செருகிய ஈர்க்கு

தென்காசியிலிருந்து பண்பொழி போகும் பேருந்தில், என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த பெண் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். உடம்பில் பொட்டுத் தங்கம் இல்லை. ஆனால் இரண்டு காது ஓட்டையிலும் விளக்குமாற்று ஈர்க்கைச் சின்னதாக ஒடித்துச் செருகியிருந்தார். பேருந்து குலுங்கும்போதெல்லாம் கை தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்தது.

என் மடியிலிருந்த கைக்குழந்தையைப் பார்த்து, "மலைக் கோயிலுக்குக் காது குத்தவா போறிய?" என்றார்.

"குத்தணும்னு நான் சொல்லுதேன். வளந்து அவளே முடிவு பண்ணட்டும்னு இவங்க சொல்லுதாங்க" என்று இந்தப் பக்கம் இருந்த கணவரைக் காட்டினேன். "நீங்க நகை போட மாட்டியளாக்கா?"

"சபையில சேந்து ஞானஸ்நானம் எடுத்ததும் எல்லாத்தையும் கழத்தியாச்சு."

"பெறகு இந்தக் குச்சி?"

"இல்லன்னா ஓட்ட தூந்துரும்லா."

"திரும்பக் கம்மல் போடுவியளோ?"

"சீச்சீ. சாவுற வரைக்கும் போட மாட்டேன்."

"அப்ப தூந்தா என்ன?"

என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏம்மா, போடாம இருக்கது வேற. போட முடியாம இருக்கது வேற."

செங்கோட்டை வந்ததும், வீட்டைப் பூட்டினோமா என்று இழுத்துப் பார்ப்பவரைப் போல இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

"கேட்டியளா? குத்தச் சொல்லிட்டுப் போறாங்க" என்றேன்.

"குத்தியும் போடலைன்னுல்லா சொல்லிட்டுப் போறாங்க" என்றார் கணவர்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காது இன்னும் குத்தாமல் அப்படியே இருக்கிறது. சண்டை வரும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த அக்காதான் சாட்சி.