சந்தனம் பூசிய விசைப்பலகை

என் தம்பி நல்லவன். அவன் மனைவியும் நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் அவர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சுக் கிராணியாக இருந்தேன். சத்தியப் பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், விவாகரத்து மனு, எதைக் கொடுத்தாலும் விரல்களைப் பார்க்காமலே மலாய் மொழியில் தட்டிக் கொடுப்பேன். போன வருடம் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. இடது கையின் கடைசி இரண்டு விரல்களில் மட்டும் உணர்ச்சி குறைவு. அதற்காகத் தம்பி என்னை ஜெலுத்தோங்கில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். எட்டு மாதம் அந்த வீட்டு சோபாவில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடாமல், என்னை உயிரோடு வாட்டி எடுத்தார்கள். அதற்குப் பெயர் கவனிப்பு.

வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். பழைய முதலாளியின் மகன் அவர். என்னைவிட இருபது வயது இளையவர்.

"இப்பெல்லாம் கோர்ட்டுக்கே டேப்தான் கொண்டு போறோம் அக்கா. திங்கக்கிழமை வாங்க, என் முன்னாடி ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா வேலை உங்களுக்கு. முடியலன்னா தப்பா நினைச்சுக்காதீங்க லா" என்றார்.

அந்தத் தொடுதிரை டேப் என்னிடமும் இருந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது நாடகம் பார்க்க வாங்கியது. ஆனால் அந்தக் கண்ணாடியில் தட்டினால் என் இரண்டு விரல்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. தனியாக ஒரு விசைப்பலகை வேண்டும். வியாழக்கிழமை கொம்தார் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். தம்பி கூடவே ஒட்டிக்கொண்டு வந்தான்.

கடைக்காரர் நம் தமிழர்தான், முப்பது வயது இருக்கும். வாங்குகிறவள் நான், பேசியதெல்லாம் தம்பியிடம்.

"ஆன்ட்டிக்கு எது வேணும்ணே?"

"லைட்டா ஏதாவது குடுங்க தம்பி. ஸ்ட்ரோக் வந்த கை, பாவம், அழுத்த முடியாது."

கடையில் நின்ற ஆறேழு பேரும் திரும்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர் டேப் உறையோடு சேர்ந்த ஒன்றை எடுத்து நீட்டினார். விசைகள் அப்பளம் போலத் தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்களாம். இளஞ்சிவப்பு நிறத்திலும் இருக்கிறதாம்.

இரண்டு வரி தட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கத்து விசையில் போய் விழுந்தது. எனக்கு வேண்டியது நேர் எதிரானது. விசைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். அழுத்தினால் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கியதும் டக்கென்று சத்தம் வர வேண்டும். விரலுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி குறுக்கே விழுந்தான்.

"அது ரொம்ப கனம் அக்கா. உங்களால தூக்க முடியாது."

"உன்னையே இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சவடா நான். வாயை மூடு."

அங்கிருந்த எட்டையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் கொட்டாவி விட்டார், விடட்டும். கடைசியில் இருந்த கறுப்பு, செங்கல் கனம். ஒரு வரி தட்டினேன், பிழை இல்லை. இன்னொரு வரி, அதிலும் இல்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது போலிருந்தது. அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டு என் வங்கி அட்டையை நீட்டினேன்.

வெள்ளியும் சனியும் தட்டிக்கொண்டே இருந்தேன். சனி மாலைக்குள் ஒரு பக்கம் இருபது நிமிடத்தில் வந்தது.

ஞாயிறு காலை நான் பிடிவாதமாகக் காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி மனைவி விசைப்பலகையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இங்கே நம்மவர்கள் புதுக் காடி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். புது பைக்குக்கும் அப்படியே. மாவரைக்கும் இயந்திரத்துக்குக்கூடப் பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் விசைப்பலகைக்கு? அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஐயர் தீர்த்தம் தெளித்து, நான்கு மூலையிலும் நல்ல குழைவான சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, விபூதியும் தூவியிருந்தார்.

"உங்க பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை பண்ணிட்டேன் அக்கா. கண்டிப்பா வேலை கிடைக்கும்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

இடது ஓரத்தில் 'ஏ' விசை சந்தனத்தில் முழுகியிருந்தது.

"உனக்கு மூளை இருக்கா? இது மெஷின். இதுக்குள்ள தண்ணி ஊத்தலாமா?"

அவள் முகம் சுருங்கியது. தம்பி அறையிலிருந்து ஓடி வந்தான்.

"சாமி காரியத்துல போய் கத்துறீங்களே அக்கா. அவ உங்களுக்காகத்தானே போனா?"

எனக்காக. என்னைக் கேட்காமல் செய்கிற எல்லாமே எனக்காகத்தான். அவர்கள் இருவரையும் அந்த நிமிடம் நான் மனதார வெறுத்தேன். மாலை வரை பஞ்சும் பல்குத்தும் குச்சியும் வைத்துச் சுரண்டினேன். 'ஏ' மறுபடியும் விழுந்தது. ஈரம் இருக்கும்வரைதான் விழும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை முதலாளி தன் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பக்கத்தில் இளம் வழக்கறிஞர்கள் இருவர் நின்றார்கள். அடிக்கக் கொடுத்த சத்தியப் பிரமாணத்தின் முதல் சொல் 'சாயா', நான் என்று அர்த்தம். அதை அடிக்கவே இரண்டு 'ஏ' வேண்டும். ஒன்றுகூட விழவில்லை. மலாயில் 'ஏ' இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. விசை கல்லாக இறுகிக் கிடந்தது. அழுத்தினேன், மேலும் அழுத்தினேன்.

மூன்று பேரும் என் இடது கையையே பார்த்தார்கள்.

"பரவால்ல அக்கா, சிரமப்படாதீங்க" என்றார் முதலாளி.

"கை இல்ல சார். கீ ஒட்டிக்கிச்சு."

"புரியுது அக்கா. இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

நோயாளியிடம் பேசுகிற அந்தக் குரல். விசைப்பலகையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன்.

"நீங்க அடிங்க சார். ஒரே வரி."

சங்கடப்பட்டுக்கொண்டே அடித்தார். அவருக்கும் 'ஏ' விழவில்லை. ஓங்கிக் குத்தினார், விழவில்லை. நகத்தால் கிளறினார், மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

"சந்தனமா?"

"ஆமா. எனக்கு வேலை கிடைக்கணும்னு பூஜை போட்டிருக்காங்க."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரவேற்பு மேசைக் கணினியில் போய் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், ஒரு பக்கத்தை அடித்து முடித்தேன். நான்கு பிழைகள். முதலாளி படித்துவிட்டு, நாளை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.

வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் அவர் தட்டியபோதும் அதே எழுத்துதான் விழவில்லை. அப்போது அந்த அறையில் எல்லாரும் விசைப்பலகையைத்தான் பார்த்தார்கள். அவர் கையை ஒருவரும் பார்க்கவில்லை.