எரிந்துபோன செட் பாடுகிறதாம்!

போன வாரம் பதுளை டவுனில் ஒரு கடையில் என் பழைய காருக்கு புளூடூத் செட் போட்டேன். கழற்றிய கேசட் செட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"உள்ளுக்கு எல்லாம் எரிஞ்சு போச்சுண்ணே. குப்பையில போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர். நானும் நம்பிவிட்டேன்.

இன்று அதே கடைக்கு எதிரில் காரை நிறுத்தி, மருந்து வாங்கி வந்து சாவியைத் திருப்பினேன். என் போனைத் தொடவேயில்லை. ஸ்பீக்கரில் கால் ஒன்று வருகிறது!

அன்று பாட்டுப் போட்டுப் பார்க்கத் தன் போனை என் செட்டோடு இணைத்த கடைக்காரர், அந்த இணைப்பை அழிக்காமலே காரைக் கொடுத்திருக்கிறார். இப்போது கடைக்குள் போனைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறார். அவரை அழைத்தவரின் குரலோ என் காருக்குள் கேட்கிறது.

"பாஸ், நீங்க குடுத்த கேசட் செட்ட வேன்ல போட்டாச்சு. சும்மா தங்கமா பாடுது. மூலையில ஒரு மாதா ஸ்டிக்கர் இருக்கே, பிய்ச்சிரவா?"

என் மனைவி ஒட்டிய ஸ்டிக்கர் அது!

"பிய்க்காதீங்க! செட்டுக்குச் சொந்தக்காரன் பேசுறேன்" என்றேன். உடனே லைன் கட்.

கொதித்துப்போய்க் கடைக்குள் நுழைந்தால், மனிதர் சிரித்த முகத்தோடு கேட்கிறார்: "வாங்கண்ணே, புளூடூத் நல்லா வேலை செய்யுதா?"

"ரொம்ப நல்லா. உங்களுக்கு வர்ற கால்கூட தெளிவா கேக்குது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வேன் ஹாலிஎலப் பக்கம் ஓடுகிறதாம். ஆனால் யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஹாலிஎலப் பக்கம் ஏதாவது வேனில் மாதா ஸ்டிக்கர் ஒட்டிய செட்டைக் கண்டால் சொல்லுங்கள். எரிந்த செட் எப்படிப் பாடுகிறது என்று நானும் ஒரு தடவை கேட்க வேண்டும்.