ரிக் வண்டியை நிறுத்திய பிறகு

என் மேசை இழுப்பறையில் சாம்பல் நிற ரோம உறை ஒன்று கிடக்கிறது. திறந்த வெளியில் பதிவு செய்யும்போது காற்று மோதாமல் இருக்க மைக்கின்மேல் மாட்டுவது. கையளவு நீளம். ஒரு பக்கத்து ரோமம் மட்டும் கல்மாவு படிந்து விறைத்துப் போயிருக்கிறது. மூன்று முறை அலசியும் போகவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும்போது பூமிக்குள்ளிருந்து வரும் மாவு அது. உறையை எனக்குக் கொடுத்தவர் என் அண்ணி.

அண்ணி சினிமாவுக்குச் சத்தம் பிடிப்பவர். பாட்டோ பேச்சோ அல்ல. கதவு சாத்துவது, தறி ஓடுவது, லாரி பிரேக் போடுவது போன்றவை. சென்னையில் ஓர் ஒலிக்கூடத்தில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு, முதன்முதலாகத் தனியாக ஒரு படத்தை ஏற்றிருந்தார். கதை எங்கள் சேலம் பக்கத்தில் நடப்பது. போர் போட்டுத் தண்ணீர் வருவதுதான் அதில் முக்கியமான காட்சி. அந்தச் சத்தத்தை எங்கிருந்தாவது விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒலிக்கூடத்தின் மூத்தவர் சொல்லியிருக்கிறார். "எங்க ஊருச் சத்தத்த நானே புடிச்சுட்டு வாரேனுங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் தோற்றும் போனார். ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், இரவல் வாங்கிய நீண்ட மைக்கை, போர் போடும் ரிக் வண்டிக்கு நேராக நீட்டிப் பதிந்ததில், கம்ப்ரசரின் இரைச்சல் தாங்காமல் பதிவு முழுக்கக் கிழிந்திருந்தது. படத்தின் ஒலிக்கலவை தொடங்க ஒரு வாரமே மிச்சம். அதற்குள் நல்ல பதிவு போய்ச் சேராவிட்டால் படமே வேறு கைக்குப் போய்விடும்.

நான் அப்போது சேலத்தில் ஒரு நாளிதழின் நிருபர். ரிக் வண்டிக்காரர்கள் சிலரைத் தெரியும் என்பதால் வழிகாட்டவும் கார் ஓட்டவும் கூடப் போனேன். அண்ணி மைக் தேர்ந்தெடுத்த விதத்தை அந்த வாரத்தில்தான் பார்த்தேன். மைக் வாடகைக்குத் தரும் கடைக்காரரும் நீளமான மைக்கையே எடுத்து வைத்தார். "சினிமான்னா எல்லாரும் இதத்தானுங்க கேக்கறாங்க." அண்ணி அதைத் தொடவில்லை. இரண்டு மைக்குகளை வாடகைக்கு எடுத்தார். ஒன்று, மேடைப் பாடகர்கள் கையில் பிடிப்பது. வாயருகே கத்தினாலும் தாங்கும். மற்றது விரல் நீளமே இருந்தது. அதை எங்கள் வீட்டு உள்ளறையில் வைத்து, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் வெறும் அமைதியைப் பதிந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டார்.

"ஒவ்வொரு மைக்குக்கும் உள்ளுக்குள்ள ஒரு உஸ் இருக்குது. அது எதுல கொறச்சலோ அதுதான் வேணும்."

"காத அடைக்கற ரிக்குக்கு இது எதுக்குங்க அண்ணி?"

"தம்பி, நீ நியூசுக்குப் போனா பேசறவரு மூஞ்சிய மட்டுமா பாத்துட்டு வருவே?"

பதிவுக் கருவிகளும் இரண்டு. பழையதில் ஒலியளவை முன்னதாகவே கணித்துத் திருகி வைக்க வேண்டும். கூடினால் கிழியும், குறைந்தால் ஒன்றும் கேட்காது. புதியது இரைச்சலையும் முணுமுணுப்பையும் ஒன்றுபோல வாங்கிக்கொள்ளும். பிறகு வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பாடகர் மைக்கைப் பழையதிலும் விரல் மைக்கைப் புதியதிலும் இணைத்தார்.

சங்ககிரிக்குத் தெற்கே ஒரு தோட்டம். முந்தைய ஆண்டு போட்ட போரில் தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது என்றார் தோட்டத்துக்காரர். காலையில் தேங்காய் உடைத்து வேலை தொடங்கியது. ரோம உறை மாட்டிய பாடகர் மைக்கை வண்டிக்குப் பத்தடியில் நிறுத்தினோம். விரல் மைக் தள்ளி, வேப்பமரத்தடியில். தோட்டத்துக்காரரின் மனைவி அங்கேதான் நின்றிருந்தார். வண்டியின் பக்கம் வரவே இல்லை.

"ஏனுங்க்கா, நாய்க்குட்டிக்குத் தண்ணி வெக்கட்டுங்களா?" என்றார் ரிக் ஓட்டுநர், ரோம உறையைக் காட்டி.

"மொதல்ல தோட்டத்துக்காரருக்குத் தண்ணி காட்டுங்க. பொறவு குட்டிக்கு வெக்கலாம்."

மதியம் தாண்டியதும் குழியிலிருந்து வந்த வெள்ளைப் புகை கறுத்தது. ஈர மாவு வந்தது. அடுத்த நொடி குழாய் வாயிலிருந்து சேறும் தண்ணீருமாகப் பனை உயரத்துக்குப் பீய்ச்சியது. அண்ணி ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. ஓட்டுநர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டார்.

நிறுத்த வேண்டாமென்று அண்ணி இரண்டு கைகளையும் ஆட்டினார். அவர் நன்றி சொல்வதாக நினைத்து ஓட்டுநரும் சிரித்தபடி கையாட்டினார். அருகே வந்து சொன்னார்: "காலைல இருந்து வெய்யில்ல நிக்கறீங்க. இந்த எரைச்சல்ல தண்ணிச் சத்தம் எங்கீங்க கேக்கும்? அதான் உங்களுக்காகச் சித்த நிறுத்திப்போட்டேன்."

வீட்டுக்கு வந்தவர் பேசும்போது ரேடியோவைக் குறைக்கிற ஊர் இது. அந்த மரியாதையை அவர் கம்ப்ரசருக்கும் செய்துவிட்டார். அண்ணி, "ரொம்ப நன்றிங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. மறுபடி ஓட்டலாம், ஆனால் முதல் பாய்ச்சல் மறுபடி வராது. பழைய கருவியில் ஒலியளவை இரைச்சலுக்காக அடியில் திருகி வைத்திருந்ததால், வண்டி நின்ற பிறகு அதில் ஒன்றுமே இல்லை.

வேப்பமரத்தடிக்கு நடந்தோம். அண்ணி புதிய கருவியில் ஹெட்போனைச் செருகினார். கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

தொலைவில் இரைச்சல், அது வெட்டினாற்போல நிற்கிறது. அதன்பின், மேலே வந்த தண்ணீர் குழாயில் முட்டி முட்டிக் குழிக்குள் இறங்குகிறது. தென்னை ஓலைகளிலிருந்து சேற்றுத் துளிகள் சொட்டுகின்றன. பின், மைக்கின் அருகில், யாருக்கும் சொல்லாத குரலில்: "வந்துருச்சா சாமி... வந்துருச்சே." அந்த வார்த்தைகளுக்கு அடியில் உஸ் இல்லை.

அண்ணி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அந்த டிரைவருக்கு நெசமாவே ஒரு நாய்க்குட்டி வாங்கித் தரோணும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தக் குரலைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்கப் போனோம். தோட்டத்தம்மா ஹெட்போனில் கேட்டுவிட்டு, "இது நானுங்களா? நான் பேசவே இல்லீங்களே!" என்றார். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான்காம் நாள் ஒலிக்கூடத்திலிருந்து சேதி வந்தது. இரைச்சலும் அது நிற்பதும் அதன் பிறகு உள்ளதும் அப்படியே இருக்கட்டும், வெட்ட வேண்டாம். படம் அண்ணியின் கையிலேயே இருந்தது.

அண்ணிக்கு இப்போது சென்னையில் சொந்தமாகச் சிறிய ஒலிக்கூடம் உண்டு. அன்று வாடகைக்கு எடுத்த இரண்டு வகை மைக்கும் அங்கே பெட்டியில் இருக்கின்றன. போன மாதம் வந்திருந்தபோது பேனா தேடி என் இழுப்பறையைத் திறந்தார்.

"இந்தக் கருமத்த இன்னுமா வெச்சிருக்கே?"

"நாய்க்குட்டியாச்சுங்களே அண்ணி, எப்படித் தூக்கிப் போடறது?"

உறையை எடுத்து மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்சம் கல்மாவு உதிர்ந்தது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டு, உறையைப் பழைய இடத்திலேயே வைத்து இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினார்.