கம்பியைப் பிடுங்கியும் பாடிய பெட்டி

போன மாசி மாதம், தூத்துக்குடிக்குக் கிழக்கே, கரை கண்ணுக்கு மறையும் தூரத்தில் நடந்தது இது. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் என் தொழில். பழைய போர்டுகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். சங்கு குளிக்கும் அண்ணன் தம்பி இருவர் கேட்டார்கள் என்று ஒரு பெட்டி செய்து கொடுத்தேன்.

கடலுக்குள் இறங்கும் தம்பியின் இடுப்பில் ஓயாமல் ஊதும் ஒரு சின்னக் கருவி. படகிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் மைக் அதைக் கேட்கும். என் பெட்டி மற்ற இரைச்சலை வடிகட்டி, அந்த ஓசையை மட்டும் ஸ்பீக்கரில் தரும். ஆபத்து என்றால் தம்பி கருவியை அணைப்பார். ஊதல் நின்றதும், தம்பியின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகிலிருந்து அண்ணன் இழுக்க வேண்டும்.

பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானும் படகில் போனேன். அன்று காற்றே இல்லை. மேக மூடாப்பில் வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. தம்பி இறங்கியதும், அவருக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரின் இரைச்சல் தாங்காமல் வடிகட்டியின் திருகை இன்னும் இறுக்கினேன். கண்ணாடி மாதிரி ஓர் ஊதல் மட்டும் மிஞ்சியது.

"வீட்டுல கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டான். கடலுக்குள்ள எப்படிப் பாடுதான் பாத்தியளா அண்ணாச்சி!" என்று சிரித்தார் அண்ணன். சட்டென்று சிரிப்பு நின்றது. "கயிறு வெட்டி வெட்டி இழுக்கு."

"ஊதல் வருதுல்லா? நீரோட்டமா இருக்கும்" என்றேன்.

"ஊதல் உங்க பெட்டியில வருது. எந்தம்பி இந்தக் கயித்துல கெடக்கான். பிடிங்க அண்ணாச்சி!"

இருவரும் இழுத்தோம். காலில் பழைய வலை சுற்றியபடி தம்பி மேலே வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பமே அணைச்சிட்டேனே, ஏன் இழுக்கல?" என்றார். கருவி அணைந்துதான் இருந்தது.

பெட்டி பாடிக்கொண்டிருந்தது. மைக்கைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன், பாடியது. மைக் கம்பியையே பிடுங்கினேன். அதே ஊதல், இம்மி குறையவில்லை. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே... இன்னும் கீழ யாரு கெடக்கா?" எங்கள் மூவரில் ஒருவரும் தண்ணீரை எட்டிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் விளங்கியது. உள்ளே ஓசையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லுக்கு வேகம் போதாது. அவ்வளவு உயர்ந்த சுருதியில், அவ்வளவு இறுக்கிய வடிகட்டியில், அது ஒவ்வொரு அதிர்வையும் துளி தாமதமாகத் திருப்பித் தந்திருக்கிறது. நிற்கப்போகும் ஊஞ்சலை யாரோ தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பது போல, அந்தத் தாமதமே அதிர்வை அடங்கவிடவில்லை. தம்பியின் கருவி நின்ற பிறகு, பெட்டி தானாகவே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

வேகமான சில்லு மாற்றிவிட்டேன். ஆனாலும் ஒரு கருவி சுத்தமாக, தெளிவாக நல்ல சேதி சொல்லும்போதெல்லாம், அது கடலைக் கேட்டுச் சொல்கிறதா, தன்னையே கேட்டுச் சொல்கிறதா என்று எனக்கு உள்ளுக்குள் சில்லிட்டுப் போகிறது.