அசையாத முப்பத்திரண்டு புள்ளி நான்கு

தெரியாத ஒன்றைக் கேட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு மிஷினுக்கு என்ன வெட்கம்?

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. பாருங்கள், நான் சொல்லிவிட்டேன் — தெரியவில்லை என்று. குடி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் கோழிப்பண்ணையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டிப் பண்ணை. முட்டைக்கோழிகள், எட்டு ஷெட். மாமனார் ஆரம்பித்தார், இப்போது என் கணவர் பார்க்கிறார். நான் பி.காம். என்பதால் கணக்கு என்னிடம். மழலையர் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருக்கும் பாப்பாவும் என்னிடம். கவலைப்படும் இலாகாவும் என்னிடம்தான். அதை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

எட்டு ஷெட் என்றேன் அல்லவா? ஆனால் சுவரில் எட்டாம் நம்பர் இருக்காது. ஏழுக்கு அடுத்தது ஒன்பது. மாமனார் பண்ணை வைப்பதற்கு முன் லாரி ஓட்டியவர். கூட்டினால் எட்டு வரும் நம்பர் பிளேட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் எட்டு என்று எழுதிய ஷெட்டில் குஞ்சு விடுவாரா? ஏழு எழுதினார், ஒன்பது எழுதினார், பெயின்ட் டப்பாவை மூடிவிட்டார். எனக்கு அதில் ஒரு புகாரும் கிடையாது. வீட்டுக்கு வீடு வாசற்படி... பண்ணைக்குப் பண்ணை ஒரு நம்பர்.

அந்த ஒன்பதுதான் எங்கள் குஞ்சு ஷெட். பொரித்த மறுநாளே வந்து இறங்கும் குஞ்சுகளுக்குத் தாய்க்கோழி இல்லை. புரூடர் என்கிற கேஸ் அடுப்பின் சூடுதான் தாய். முதல் வாரம் சூடு குறைந்தால், ஒன்றை ஒன்று அணைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சு முட்டிப் போய்விடும். குளிரில் சாவதைவிடக் கூட்டத்தில் நசுங்கிச் சாவதுதான் அதிகம்.

அதற்காகத்தான் சென்சார் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வீட்டில் யாருக்கும் அவ்வளவு இஷ்டமில்லை. கடைசியில் கம்பெனி ஆள் வந்து ஷெட்டுக்கு ஒன்றாக வெள்ளைப் பெட்டி மாட்டினார். எல்லாவற்றையும் ஒரே ஜோடி ஒயரில் கோத்து, ஆபீஸ் ரூமில் ஒரு வயர்லெஸ் கன்வெர்ட்டரில் இணைத்தார். சென்சார்கள் ஒயர் வழியாகப் பேசும், கன்வெர்ட்டர் அதை வைஃபையில் ஏற்றும், என் போனில் எட்டுக் கட்டங்களில் எட்டு வெப்பநிலை தெரியும். குறைந்தால் சைரன் அடிக்கும்.

நிம்மதி என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

ஐப்பசி மழை. குஞ்சு இறங்கி இரண்டாம் நாள் மதியம். குஞ்சு ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பதி, உறவில் ஒரு சாவு என்று போயிருந்தார்கள். “போயிட்டு வாங்க, போன்லதான் தெரியுதே” என்று என் கணவர்தான் அனுப்பிவைத்தார். பிறகு தீவனம் ஏற்ற அவரும் கிளம்பிவிட்டார்.

பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனைப் பார்த்தேன். காற்றோடு மழை. ஒன்றாம் ஷெட்டில் இருந்து ஏழாம் ஷெட் வரை எல்லாக் கட்டத்திலும் எண் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மட்டும் 32.4. காலையில் பார்த்தபோதும் 32.4. முந்தைய நாளும்...

கணவருக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்க, ஒம்போது அசையவே மாட்டேங்குதுங்க.”

“அசையாம இருந்தா நல்லதுதானே? புரூடர் சும்மா ஜம்முனு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“ஒரு பாயிண்ட் கூடவா மாறாது?”

“குறைஞ்சாலும் பயப்படற, குறையாட்டியும் பயப்படற. உனக்கு என்னதான் வேணும்?”

நியாயமான கேள்விதான். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றாலும் நான் இப்படித்தான் — தெர்மாமீட்டர் நார்மல் என்று காட்டினால் தெர்மாமீட்டரைச் சந்தேகிப்பேன். பாப்பாவை மாமியார் மடியில் உட்கார வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன்.

“இந்த மழையில எங்க சாமி கிளம்பிட்ட?”

“குஞ்சு ஷெட்டுக்குப் போயிட்டு வாரேன் அத்தை.”

“போன்ல பாத்துட்டுத்தானே இருக்க? அப்புறம் காசு குடுத்து அத எதுக்கு மாட்டுனது, காக்கா உக்காரவா?”

திரும்பிவிடலாமா என்று வாசலில் ஒரு கணம் நின்றேன். பிறகு குடையை விரித்து இறங்கிவிட்டேன்.

ஷெட்டில் பக்கவாட்டுப் படுதா கயிறு அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே வந்து, அந்தப் பக்கத்துப் புரூடர்கள் எல்லாம் அணைந்திருந்தன. குஞ்சுகள், அவற்றைச் சுற்றி வைத்திருக்கும் தகர வளையத்தின் ஓரத்தில் மஞ்சள் குவியலாக... நான் எழுத விரும்பவில்லை. உள்ளே நுழையும்முன் கிருமி போக வாசலில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்தேனா என்பதுகூட நினைவில்லை. கையை விட்டு விலக்கினேன். படுதாவை இழுத்துக் கட்டினேன். புரூடரைப் பற்ற வைத்தேன். மறுபடி விலக்கினேன். மேலே இருந்தவை கத்தின. அடியில் இருந்தவற்றில் சில, கத்தவில்லை.

தலைக்கு மேல் வெள்ளைப் பெட்டி சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். 32.4.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் வருகிறது.

சூடு ஏறி, குஞ்சுகள் பரவலாகப் படுக்க ஆரம்பித்த பிறகு கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

“வீட்ல சார் இல்லீங்களா மேடம்?”

“இல்லை. சொல்லுங்க.”

“இல்ல மேடம், கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும்... சார் வந்ததும் பேசச் சொல்லுங்களேன்.”

“சார் வர்ற வரைக்கும் குஞ்சு காத்திருக்குமாங்க?”

“சரி, ரௌட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம். உங்க சைடு நெட் பிராப்ளமாத்தான் இருக்கும்.”

பண்ணினேன். கட்டங்கள் எல்லாம் மறைந்து, திரும்ப வந்தன. ஒன்பதில் மறுபடியும் அதே 32.4. அப்போதுதான் அந்தக் கட்டத்தைத் தொட்டு, அதன் கிராஃபைப் பின்னால் நகர்த்திப் பார்க்கத் தோன்றியது. நேற்று, ஒரே கோடு. அதற்கு முன்னால், அதே கோடு. சென்சார் எங்கள் பண்ணைக்கு வந்த நாளையும் தாண்டிப் பின்னால் போகிறது அந்தக் கோடு!

மறுபடி கூப்பிட்டேன். “பெட்டி எங்க ஊருக்கே வராத தேதியில ஒன்பதாம் ஷெட் சூடு எப்படிங்க தெரியும்?”

“அது... டெஸ்டிங்ல எடுத்ததா இருக்கும் மேடம். அனுப்பறதுக்கு முன்னாடி எங்க டேபிள்ல வச்சு செக் பண்ணுவோம்.”

டேபிள். புரிகிறதா உங்களுக்கு? அத்தனை நாளும் எங்கள் குஞ்சு ஷெட்டின் சூடு என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது, ஏதோ ஊரில் ஏதோ ஆபீஸில் ஒரு மேஜையின் சூடு.

எப்படி நடந்தது? பிறகு இன்ஜினியரைத் துருவித் துருவிக் கேட்டு, நானே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். வகுப்பில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோலத்தான் இந்த கன்வெர்ட்டர். ஒரே ஒயரில் எல்லா சென்சாரும் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கன்வெர்ட்டர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடும். கூப்பிடப்பட்டது மட்டும் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி ஆபீஸ்காரர்கள் எட்டு ஷெட் என்றதும் ஒன்று முதல் எட்டு வரை கூப்பிடும்படி செட் செய்து அனுப்பிவிட்டார்கள். இங்கே மாட்ட வந்தவர் சுவரைப் பார்த்தார். 9 என்று இருந்தது. குழப்பம் வேண்டாம் என்று அந்த சென்சாரின் நம்பரை ஒன்பதாக மாற்றி, போனிலும் கட்டத்தின் பெயரை ஒன்பது ஆக்கிவிட்டுப் போய்விட்டார். கன்வெர்ட்டருக்கு இதை யாரும் சொல்லவில்லை. அது தினமும் “எட்டு, எட்டு” என்று கூப்பிடுகிறது. அப்படி ஒருவர் வகுப்பிலேயே இல்லை.

இதுவரைகூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆளுக்கு ஆள் நல்லெண்ணத்தில் செய்த பிசகு. ஆனால் ஆள் வராவிட்டால் டீச்சர் என்ன போட வேண்டும்? ஆப்சென்ட். இது என்ன செய்தது தெரியுமா? கடைசியாக எப்போதோ, அந்த மேஜையில் இருந்தபோது வந்த பதிலை எடுத்து ‘பிரசென்ட்’ போட்டது!

அன்று சாயந்திரமே சரிசெய்துவிடத் துணிந்தேன். துணிந்தேன் என்று எழுதுவது சுலபம். கன்வெர்ட்டரின் வைஃபையில் போனை இணைத்தால் ஒரு செட்டிங்ஸ் பக்கம் திறக்கும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. திறந்தது. ஒரே இங்கிலீஷ். வேகம், பாரிட்டி, ரிஜிஸ்டர்... ஏதாவது ஒன்றைத் தப்பாகத் தொட்டு எட்டு ஷெட்டும் இருட்டாகிவிட்டால்? மாமியாரின் போனை வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். நடுவில் பாப்பா வந்து, “அம்மா, பொம்மை படம் போடு” என்று போனை இழுக்கிறாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். எட்டை அழித்து ஒன்பது போட்டேன். அதற்குக் கீழே இருந்தது அந்த வரி — பதில் வராவிட்டால் என்ன செய்ய? ‘ஹோல்ட் லாஸ்ட் வேல்யூ’. கடைசி மதிப்பையே பிடித்துக்கொள். அதை மாற்றி ‘எரர் காட்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சேவ்.

எல்லாக் கட்டமும் மறைந்தது. என் உயிரும்தான். பிறகு ஒன்று வந்தது, இரண்டு வந்தது... கடைசியில் ஒன்பது. 29.8. கொஞ்சம் கழித்து 30.1. ஒரு எண் மாறுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்ஜினியரிடம் கேட்டேன். அந்தக் கடைசி மதிப்பு சமாசாரத்தை எதற்கு வைத்தீர்கள்?

“எல்லாக் கஸ்டமருக்கும் அப்படித்தான் வச்சுத் தர்றோம் மேடம். நடுநடுவுல பிளாங்க் வந்தா பயந்துடறாங்க. போன் மேல போன் போடறாங்க.”

அதாவது, நாங்கள் பயப்படக் கூடாதாம். குஞ்சு செத்தாலும் பரவாயில்லை, போன் அடிக்கக் கூடாதாம். எந்த ஊர் நியாயம் இது? போன மாதம் பாப்பா காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த அன்று, அவள் பள்ளி ஆப்பில் இருந்து மதியம் மெசேஜ் வருகிறது: ‘உங்கள் குழந்தை இன்று நன்றாகச் சாப்பிட்டாள்.’ என் தோளில் சாய்ந்து ஒரு வாய் கஞ்சிகூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள் அவள். அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நமக்கு உண்மையைச் சொல்வதைவிட நம்மை அமைதியாக வைத்திருப்பதுதான் முக்கியம் என்று எங்கேயோ யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். நம்மைக் கேட்காமலே.

சரி, வீட்டிலாவது நியாயம் கிடைத்ததா?

மாமனார் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “பாத்தியாம்மா, நான் அன்னைக்கே சொன்னேன்ல? எட்டு எந்த ரூபத்துல வந்தாலும் வேலையக் காட்டும்” என்றார். எட்டை விட்டதால்தானே மாமா வந்தது என்று வாய்வரை வந்தது. மருமகள் அல்லவா, விழுங்கிவிட்டேன்.

கணவர் மட்டும் ஷெட்டுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். “நீ போகாம இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும்” என்றார். அவ்வளவுதான். ஆனால் அது போதும் என்று அன்று இருந்தது.

அன்று இருந்தது. இன்று நிலைமை வேறு. சிக்கலே இனிமேல்தான்.

மிஷின் இப்போது உண்மை பேசுகிறது. கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினால் எரர். வைஃபை விட்டுவிட்டு வந்தால் எரர். ஒவ்வொரு எரருக்கும் சைரன். முக்கால்வாசி நேரம் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. குஞ்சுகள் என்னைப் பார்த்து ‘எதற்கு வந்தாய்’ என்பதுபோல் தலையைச் சாய்க்கும். பாப்பா சைரனுக்குப் பயந்து காதைப் பொத்திக்கொள்கிறாள். “ஏஞ்சாமி, அத பழையபடி வச்சுத் தொலையேன், ஊட்டுல ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியல” என்கிறார் மாமியார். இப்போது கணவரும், “கொஞ்ச நாளைக்கு ஹோல்ட்லயே போடலாமா?” என்று மெல்ல ஆரம்பித்திருக்கிறார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். உறுதியாகத்தான் சொன்னேன். ஆனால் முந்தாநாள் சைரன் அடித்தபோது, ‘வைஃபையாகத்தான் இருக்கும்’ என்று நான் இட்லித் தட்டை இறக்கிவிட்டுத்தான் போனேன். அன்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாமதம் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்லும் மிஷினை நம்பிக் கெட்டோம். ஓயாமல் கத்தும் மிஷினைக் காதில் வாங்காமல் கெடுவோமோ?

எனவே, பண்ணை வைத்திருப்பவர்களே, சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, குளிர்பதனக் கிடங்கு என்று இதே மாதிரி சென்சாரோடு மாரடிப்பவர்களே... நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் சைரன் அடிக்கும்படி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் உள்ளவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

தையில் அடுத்த குஞ்சுகள் இறங்குகின்றன. அதற்குள் எழுதுங்கள், ப்ளீஸ்.